கடலைக் கொள்ளையடித்தவன் யார்? கல் போடக் காசு கொடுப்பவன் யார்?

தூத்துக்குடிக்கு அருகே மன்னார் வளைகுடாவில் காரைச்சல்லி என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. 1969-ல் அதன் பரப்பு 20.85 ஹெக்டேர், அதாவது ஐம்பது ஏக்கருக்கும் மேல். 2018-ல் அளந்தபோது மிஞ்சியிருந்தது 5.97 ஹெக்டேர். பதினைந்து ஏக்கர்கூட இல்லை. இந்தத் தீவைக் காப்பாற்ற, அதைச் சுற்றிக் கடலுக்கடியில் 8,500 காங்கிரீட் கட்டுமானங்களை இறக்கிச் செயற்கைப் பார் அமைக்கப் போவதாக 2025-ல் தமிழக சர்க்கார் அறிவித்தது. செலவு 50 கோடி ரூபாய். உலக வங்கியின் கடனுதவியோடு நடக்கும் கடலோரத் திட்டத்தில் இதுவும் ஒரு பகுதி.

இதைக் கேட்டதும் நமது விவசாயத் தொழிலாளர் தோழர்கள் கோபப்படுகிறார்கள். "2025-ன் தொடக்கத்தில் நூறு நாள் வேலைக் கூலி மாதக்கணக்கில் பாக்கி நின்றது. கேட்டால் பணம் வரவில்லை என்றார்கள். கடலில் கல்லைப் போட மட்டும் பணம் எங்கிருந்து வருகிறது?" என்கிறார்கள். ஆலைத் தொழிலாளர் தோழர்களோ, "அது மீன்பிடிக்கிறவர்கள் பாடு, நமக்கென்ன?" என்று பத்திரிகையின் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். முதல் கேள்வி நியாயமானது. இரண்டாவது பேச்சு நமக்குச் சம்மதமில்லை. இரண்டுக்கும் சேர்த்தே நமது அபிப்பிராயத்தைச் சொல்கிறோம்.

கடலுக்கடியிலுள்ள பாறைத் திட்டைக் கடற்கரை ஜனங்கள் 'பார்' என்பார்கள். முத்துச்சிப்பி விளைந்த இடம் முத்துப்பார். (தூத்துக்குடியில் கடைசியாக முத்துக் குளித்தது 1961-ல், அந்தக் கதையை இன்னொரு முறை பேசலாம்.) பவளம் வளர்ந்த இடம் பவளப்பார். பவளம் என்பது கல்லல்ல, உயிர். எறும்பு புற்றுக் கட்டுவதுபோலச் சின்னஞ்சிறு உயிர்கள் சுண்ணாம்பால் கூடு கட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகத் தலைமுறை தலைமுறையாக வளர்த்த கோட்டை அது. அந்தக் கோட்டையின் இண்டு இடுக்குகளில் மீன் குஞ்சு பொரிக்கும், இறால் ஒதுங்கும், கணவாய் முட்டையிடும். வெளிக்கடலிலிருந்து வரும் அலை முதலில் பாரில் மோதி வேகம் இழக்கும். பிறகு தீவில் மோதும். அதையும் தாண்டி ஊருக்கு வரும்போது அடங்கிப் போயிருக்கும். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தபோது நாகையும் கடலூரும் பட்ட பாட்டைத் தூத்துக்குடி படவில்லை. இலங்கை குறுக்கே கிடந்தது ஒரு காரணம். தீவுகள் தடுத்தது இன்னொரு காரணம் என்று அந்தக் கடற்கரையில் எந்தக் கிழவரைக் கேட்டாலும் சொல்வார்.

ராமேசுவரம் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை இப்படி 21 தீவுகள். அவற்றில் இரண்டு, பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும், இன்று கடலுக்கடியில் கிடக்கின்றன. மற்றவையும் தேய்ந்து வருகின்றன.

ஏன் தேய்ந்தன? பருவநிலை மாறிவிட்டது, கடல் உயர்ந்துவிட்டது என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். கடல் உயர்வது வாஸ்தவம். நீர் சூடேறுவதும் வாஸ்தவம். 2010-லும் 2016-லும் சூடு தாங்காமல் பவளம் வெளுத்துச் செத்தது. ஆனால் சூடு வருவதற்கு முன்பே கடப்பாரை வந்துவிட்டதே!

பல பத்தாண்டுகள் தூத்துக்குடிக் கடலில் பவளப்பாரை வெட்டி எடுத்தார்கள். வள்ளங்களில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் கல் சுண்ணாம்புக் காளவாய்க்குப் போயிற்று. கார்பைடு தயாரிக்கப் போயிற்று. கட்டடக் கல்லாகவும் போயிற்று. மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலுமாக ஆண்டுக்குச் சுமார் 25,000 டன் பவளக்கல் எடுக்கப்படுகிறது என்று 1970-களின் தொடக்கத்திலேயே விஞ்ஞானிகள் மதிப்பிட்டு எழுதினார்கள். எழுதியது ஏட்டில் இருந்தது. வெட்டியது தொடர்ந்தது. 1986-ல் 21 தீவுகளையும் சேர்த்துக் கடல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள், அப்போதும் தொடர்ந்தது. 2001-ல் பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். 2005 வாக்கில்தான் வெட்டு நின்றது.

கழுத்தளவு நீரில் மூச்சடக்கி முங்கிக் கல்லைப் பெயர்த்தவன் யார்? வலையில் மீன் விழாத நாளில் அடுப்பெரிய வேண்டுமே என்று போன கூலிக்காரன்தான். உப்புநீரில் காலும் கையும் வெடித்து அவன் எடுத்துக் கொடுத்த கல்லுக்கு அன்றன்றைய கஞ்சிக்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தக் கல்லை மூலப்பொருளாக்கி விற்றவன் மாடி கட்டினான். பாரைத் தின்றது மீனவன் என்று இன்று சிலர் பேசும்போது நமக்கு ரத்தம் கொதிக்கிறது. ஆற்று மணலை லாரியில் ஏற்றிய கூலியாளைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டு, லாரிக்காரனையும் குவாரிக்காரனையும் விட்டுவிடும் நியாயம் விவசாயத் தொழிலாளிக்குத் தெரியாததா?

தூத்துக்குடிக்கும் பவளத்துக்கும் உள்ள உறவைப் பாருங்கள். ஹார்வி துரைமார் தங்கள் பஞ்சாலைக்கு வைத்த பெயரே கோரல் மில். கோரல் என்றால் பவளம். அந்த ஆலையில்தான் 1908 பிப்ரவரி 27-ல் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் வழிகாட்ட, கூலி உயர்வையும் வாராந்திர விடுமுறையையும் தொழிலாளர் வென்றெடுத்தார்கள். அன்று ஆளைச் சுரண்டியது ஒரு கம்பெனி. பின்னாளில் பாரைச் சுரண்டியவர்கள் வேறு ஆட்கள். பெயர்தான் வேறு, வர்க்கம் ஒன்று. ஆகவே இது மீனவர் பிரச்னை மட்டும்தான் என்று எந்த ஆலைத் தொழிலாளியும் ஒதுங்கி நிற்க முடியாது.

கல் போடுவதால் பயன் உண்டா என்றால், உண்டு. இதை மறைக்க வேண்டியதில்லை. தூத்துக்குடிக்கு மிக அருகிலுள்ள வான் தீவு ஒரு காலத்தில் சுமார் 16 ஹெக்டேர் இருந்தது. 2015 வாக்கில் 2 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கி, இன்றோ நாளையோ என்று நின்றது. நடுவண் சர்க்காரின் பருவநிலைத் தகவமைப்பு நிதியிலிருந்து மன்னார் வளைகுடாவுக்கென்று ரூ.24.74 கோடி ஒதுக்கினார்கள். சென்னை ஐ.ஐ.டி.யும் தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து வடிவம் வகுத்தன. கீழே அகன்று மேலே குறுகி, பக்கங்களில் ஓட்டை விட்ட, டன் கணக்கில் கனமுள்ள காங்கிரீட் கட்டுமானங்கள் 10,600 கடலில் இறக்கப்பட்டன. அலை அதில் மோதி உடைகிறது. ஓட்டை வழியாக நீர் போய்வருகிறது. நீரோடு வரும் மணல் தீவோரம் தங்குகிறது. தேய்ந்துகொண்டிருந்த தீவு நின்றது, மணல் சேர்ந்தது. கல்லின்மேல் பாசியும் சிப்பியும் ஒட்டின, மீன் வந்தது. பொதுப்பணம் உருப்படியாகச் செலவான காரியங்கள் நம் நாட்டில் அதிகமில்லை. அவற்றில் இது ஒன்று. இதைச் செய்த விஞ்ஞானிகளையும், கல் வார்த்துக் கடலில் இறக்கிய தொழிலாளிகளையும் பாராட்டுகிறோம்.

எனவே, "கடலில் ஏன் கல்?" என்பது நமது கேள்வியல்ல. அந்தக் கல்லுக்கு யார் காசு கொடுப்பது, அதன் பலன் யாருக்குப் போவது என்பதே நமது கேள்வி.

50 கோடியை 8,500-ஆல் வகுத்தால் கல் ஒன்றுக்கு ஏறத்தாழ 58,800 ரூபாய் ஆகிறது. மற்றச் செலவுகளும் இதில் சேர்ந்திருக்கும், இருக்கட்டும். இந்தப் பணம் உலக வங்கியின் தர்மமல்ல. கடன். கடனை வட்டியோடு கட்டப்போவது யார்? சோப்பு வாங்கும்போதும் செல்போனுக்குப் பணம் கட்டும்போதும் வரி கொடுக்கிற நாம். முதலாளிமாருக்கு? 2019-ல் கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைத்துக் கொடுத்தார்கள். அதாவது, பாரை வெட்டிய லாபம் ஒருவன் பெட்டியில். பாரைத் திரும்பக் கட்டும் செலவு ஊரார் தலையில். ஜனங்கள் முதலில் கடலை இழந்தார்கள். இப்போது காசையும் இழக்கிறார்கள்.

கெடுத்தவனிடம் வசூலிப்பது நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் உண்டு. நடக்கும். அதே தூத்துக்குடியிலேயே நடந்திருக்கிறது. ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் முதலில் போட்ட நிபந்தனை, மன்னார் வளைகுடாவிலிருந்து 25 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது. ஆலை எழுந்ததோ 14 கிலோமீட்டருக்குள். ஊர் மூச்சுத் திணறியது. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 100 கோடி ரூபாய் கட்டச் சொல்லி, அதன் வட்டியை ஆலையின் சுற்றுப்புறத்தைச் சீர்செய்யச் செலவிடும்படி தீர்ப்புக் கூறியது. காரைச்சல்லிக்குக் கேட்கும் 50 கோடியைப்போல் இரண்டு மடங்கு! ஒரு கம்பெனியிடம் ஒரு தீர்ப்பில் கேட்கக்கூடிய தொகைதான் இது. அந்த ஆலையை மூடச் சொல்லிப் போராடியதற்கு 2018 மே மாதம் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர்களைக் கொடுத்தது தூத்துக்குடி. கம்பெனி திறக்கக் கேட்ட மனுவை 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அனல்மின் நிலையத்தின் சாம்பலும் சூட்டுநீரும் அதே கடலில்தான் விழுந்து வந்தன. அது சர்க்கார் ஆலை என்பதற்காக நாம் வாயை மூடிக்கொள்ளப் போவதில்லை. ஒரு பக்கம் கல்லை இறக்கிக்கொண்டே இன்னொரு பக்கம் கழிவையும் இறக்கினால், ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றும் கதைதான்.

அடுத்தது, எதைப் போடுகிறார்கள், யார் சரிபார்க்கிறார்கள் என்ற விஷயம். பொதுவேலையில் காண்ட்ராக்டர் சிமெண்டில் கை வைப்பது பஞ்சாயத்துச் சாக்கடையிலேயே நமக்குத் தெரிகிறது. பத்து முழ ஆழத்தில் கிடக்கும் கல்லை யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? அமெரிக்காவில் புளோரிடா மாகாணத்திலுள்ள ஃபோர்ட் லாடர்டேல் என்ற கடற்கரை நகரத்தில் நடந்ததைக் கேளுங்கள். 1972-ல் அங்கே மீனுக்கு வீடு கட்டுகிறோம் என்று சொல்லி, தேய்ந்துபோன மோட்டார் டயர்களைக் கட்டுக்கட்டாகக் கடலில் போட்டார்கள். ஒன்றல்ல, நூறல்ல, ஏறத்தாழ இருபது லட்சம் டயர்கள்! சர்க்கார் அதிகாரிகளும் ஆசி வழங்கினார்கள். டயர் கம்பெனியான குட்இயர் தன் ஆகாயக் கப்பலிலிருந்து தங்கநிறம் பூசிய டயர் ஒன்றைக் கடலில் போட்டு விழா நடத்தியது. அவனுக்கென்ன, குப்பை தீர்ந்தது! டயரைக் கட்டிய கம்பிக் கிளிப்பு துருப்பிடித்து அறுந்தது. டயரில் பவளம் ஒட்டவில்லை. புயல் வந்தபோதெல்லாம் டயர்கள் உருண்டுபோய், பக்கத்தில் உயிரோடிருந்த அசல் பவளப்பாரை இடித்து நொறுக்கின. பிறகு ராணுவ முக்குளிப்பாளர்களை இறக்கி, பொதுப்பணத்தைக் கொட்டி ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்கள். பல ஆண்டு வேலைக்குப் பின்னும் தீர்ந்தபாடில்லை. வான் தீவில் போட்டது நல்ல காங்கிரீட். ஆனால் 2023 கணக்கின்படி பிரதமர் பெயரிலுள்ள மீன்வளத் திட்டத்தில் பத்துக் கடலோர மாநிலங்களுக்கு 732 செயற்கைப் பார்கள், 126 கோடி ரூபாய் என்று அனுமதி கொடுத்திருக்கிறார்கள். பணம் பெருகும் இடத்தில் ஈ மொய்க்கும். இப்போதே கண்ணைத் திறந்து வைத்துக்கொள்வது நல்லது.

பலன் யாருக்கு என்பதற்கு வருவோம். கோடையில் குளம் வற்றும்போது நடுமடுவில் மீன் துள்ளுகிறது. அதைப் பார்த்துக் குளத்தில் மீன் பெருகிவிட்டது என்று எந்த விவசாயத் தொழிலாளியாவது சொல்வானா? சிதறிக் கிடந்த மீன் ஓரிடத்தில் சேர்ந்திருக்கிறது, அவ்வளவே. வலையோடு வருகிறவன் ஒரே நாளில் வழித்துக்கொண்டு போய்விடலாம். செயற்கைப் பாரிலும் இந்த ஆபத்து உண்டு. மீன் முதலில் கூடும், பெருகுவது பிறகுதான். கூடிய மீனை முட்டையிட விட்டால்தான் பெருகும். நாட்டுப்படகில் தூண்டில் போடுகிறவன் ஒன்றிரண்டு விளமீனோ கலவாவோ பிடிப்பான். இரட்டைமடி போடுகிற விசைப்படகு அடித்தரையையே வாரிப் போகும். இரட்டைமடி சட்டப்படி தடை செய்யப்பட்டதுதான். 1983-லேயே கடல் மீன்பிடிப்பு ஒழுங்குச் சட்டம் வந்து, கரையோரக் கடலை நாட்டுப்படகுக்கு ஒதுக்கியும் வைத்திருக்கிறது. சட்டம் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விசைப்படகில் ஏறுகிற எல்லோரும் முதலாளிகள் அல்ல. பங்குக்கும் கூலிக்கும் மடி இழுக்கிறவன் நம் தொழிலாளி. அவனும் நாட்டுப்படகுக்காரனும் நடுக்கடலில் அடித்துக்கொள்ள, இருவர் பிடித்த மீனையும் கரையில் நின்று விலை பேசி வாங்குகிற வியாபாரியும் ஏற்றுமதிக்காரனும் சிரிக்கிறார்கள். விசைப்படகும் இழுவைமடியும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. சர்க்கார் மானியம் கொடுத்து வளர்த்ததுதான் அது. இறாலை டாலருக்கு விற்கலாம் என்ற ஆசையில் வளர்த்தது. அன்று அடித்தரையைக் கிழிக்க மானியம்; இன்று அதைத் தைக்கக் கடன்!

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். பூங்கா, பாதுகாப்பு என்று சட்டம் இறுகும்போது முதலில் அடிபடுகிறவர்கள் யார்? ராமநாதபுரம் கரையில் இடுப்பளவு, கழுத்தளவு நீரில் முங்கிப் பாசி பறித்துப் பிழைக்கும் பெண்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, சாதாரண ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டு, பாறையில் கிழிபட்டு வேலை செய்கிறவர்கள். தீவுப் பக்கம் போனால் வனத்துறை விரட்டுகிறது. சங்கு குளிக்கிறவனுக்கும் இதே கதி. பாசியைக் கையால் பறிக்கிறவள் பாரைக் கெடுத்தவள். சூட்டுநீரைக் குழாய் வழியே விடுகிறவன் நாட்டை வளர்க்கிறவன்! இந்தச் செயற்கைப் பாரும் இன்னொரு வேலியாகி, "இது 50 கோடித் திட்டம், உள்ளே வராதே" என்று ஏழைகளை விரட்டுவதற்குப் பயன்படுமானால் அதை எதிர்த்து முதலில் நிற்பவர்கள் நாமாகத்தான் இருப்போம்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். கடலில் கழிவு விடுகிற, கரையோரக் கடலைப் பயன்படுத்தி லாபம் சம்பாதிக்கிற பெரிய நிறுவனங்களிடம் தீவுகளுக்கென்று தனி வரி போடு. கடனை அதிலிருந்து கட்டு. செயற்கைப் பார் இருக்கும் கடலில் எந்த வலை ஆகும், எந்த வலை ஆகாது, எந்த மாதம் ஒதுங்கியிருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைக் கரையோர கிராமங்களின் கமிட்டிக்குக் கொடு. அந்தக் கமிட்டியில் பாசி பறிக்கும் பெண்களும் விசைப்படகுக் கூலிகளும் இருக்க வேண்டும். படகு முதலாளிகளும் அதிகாரிகளும் மட்டும் உட்கார்ந்து டீ குடித்துக் கலையும் கமிட்டி நமக்கு வேண்டாம். டெண்டர் எடுத்தவன் யார், ஒரு கல்லுக்கு எத்தனை மூட்டை சிமெண்ட், எத்தனை கல் எந்தத் தேதியில் எங்கே இறங்கிற்று என்ற கணக்கைத் தமிழில் எழுதி மீன் ஏலக்கூடத்துச் சுவரில் ஒட்டு. முங்கிப் பார்த்துச் சரிபார்க்க அதிகாரி வேண்டியதில்லை. சங்கு குளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கூலி கொடுத்து அந்த வேலையைக் கொடு.

அந்தக் கல்லை வெயிலில் நின்று வார்க்கிறவர்களுக்கும், மிதவையில் ஏற்றி நடுக்கடலில் இறக்குகிறவர்களுக்கும் என்ன கூலி, விபத்தில் கால் நசுங்கினால் யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். தூத்துக்குடி வட்டாரத்து ஆலைத் தொழிற்சங்கங்கள் தங்கள் அடுத்த பொதுக்குழுவில் இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக்க வேண்டும். மீனவர் சங்கங்கள் கலெக்டர் ஆபீசுக்கு மனுக் கொடுக்கப் போகும் நாளில், வேலை முடிந்து வெளிவரும் ஒரு ஷிப்டு ஆட்களாவது கொடியோடு அவர்களுடன் நடக்க வேண்டும்.